பன்னாடைன்னா திட்டா?

கொஞ்ச நாள் முன்னாடி கனகசெட்டிக்குளத்துல ஒரு கல்யாணம். பந்தியில எடம் பிடிக்க நின்னுக்கிட்டு இருந்தோம். எங்க பள்ளிக்கூட செட்டுல ஒருத்தன் தூரத்துல இருந்து கத்துறான்: "டேய் பன்னாடை! இங்க வாடா!"

எனக்கு ரெண்டு ஆள் தள்ளி நின்ன ஒருத்தன் சட்டுனு திரும்பினான். முகத்துல கோவமே இல்ல. சிரிச்சுக்கிட்டே கையைத் தூக்கினான். அவன் கையைப் பிடிச்சுக்கிட்டு ஒரு பொண்ணு, எட்டு வயசு இருக்கும்.

"ஏம்ப்பா, அந்த மாமா உன்ன ஏன் திட்டுறாரு?"

"திட்டலடா கண்ணு. அது எம் பேரு."

பந்தியில அப்புறம் என்ன போட்டாங்க, என்ன சாப்பிட்டேன்னு எனக்கு ஞாபகம் இல்ல. ஏன்னா அந்தப் பேரை அவனுக்கு வச்சதுல எனக்குப் பெரிய பங்கு உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

ஒம்பதாங்கிளாஸ் தமிழ் வகுப்பு. ஐயா நன்னூல் நடத்திக்கிட்டு இருந்தார். (எந்தப் பள்ளிக்கூடம், எந்த ஐயா எல்லாம் வேணாம். நல்லாத்தான் நடத்துவார், அதையும் சொல்லிடறேன்.) பவணந்தி முனிவர் பதிமூணாம் நூற்றாண்டுல எழுதின இலக்கண நூல். அதுல பொதுப்பாயிரம்னு ஒரு பகுதி. பாடம் சொல்றவன் எப்படி இருக்கணும், கேக்கறவன் எப்படி இருக்கணும்னு எல்லாம் அங்க வரும். மாணவர்களை மூணு வகையா பிரிச்சு, எட்டு உவமை சொல்லுவார் பவணந்தி.

முதல் வகைக்கு அன்னமும் பசுவும். அன்னம் தண்ணியை விட்டுட்டுப் பாலை மட்டும் எடுத்துக்கும். பசு மேஞ்சதை எல்லாம் அப்புறமா உக்காந்து அசை போடும். நடு வகைக்கு மண்ணும் கிளியும். மண்ணுல எவ்வளவு பாடுபடறோமோ அவ்வளவு விளையும். கிளி சொன்னதைச் சொல்லும். கடைசி வகைக்கு நாலு: ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி. ஓட்டைக்குடத்துல ஊத்தினது நிக்காது. ஆடு ஒரு செடியில வயிறு நிரம்ப மேயாம அங்க ஒரு வாய் இங்க ஒரு வாய்னு ஓடும். எருமை குளத்தைக் கலக்கிட்டுத்தான் குடிக்கும். நெய்யரி, அதாவது நெய் வடிகட்டுற பன்னாடை, நல்ல நெய்யைக் கீழ விட்டுட்டுக் கசடைப் பிடிச்சு வச்சுக்கும்.

ஐயா இதை நடிச்சே காட்டுவார். எருமைக்கு வகுப்பே சிரிச்சது. பன்னாடை வந்ததும் நிறுத்தினார். கடைசி பெஞ்சைப் பாத்துக் கையை நீட்டினார். "உதாரணத்துக்கு எங்கயும் போக வேணாம். அங்க உக்காந்திருக்கு பாரு, பன்னாடை."

இவன் எழுந்து நின்னான். கூப்பிட்டா எழுந்து நிக்கணும்னு பழக்கம். அதுக்கும் சிரிச்சோம்.

அதுல இன்னொரு சங்கதியும் இருந்தது. அவங்க அப்பா தென்னை மரம் ஏறிக் கள் இறக்குறவர். பன்னாடை அவங்க வீட்டுல தினம் புழங்குற பொருள். எங்க கிளாஸ்ல பன்னாடையைக் கையில தொட்டு, அதுல வடிகட்டி, அதைக் கழுவிக் காயவச்ச ஒரே பையன் அவன்தான். வார்த்தைக்கு அர்த்தம் முழுசாத் தெரிஞ்சவனைத்தான் அந்த வார்த்தையால அடிச்சார் ஐயா.

அன்னைக்கு இண்டர்வெல்ல "டேய் பன்னாடை, பம்பரம் குடுடா"ன்னு முதல்ல கூப்பிட்டது நான். ஐயா சொன்னது ஒரு தடவை. மிச்சம் எல்லாம் நாங்க பாத்துக்கிட்டோம். பத்தாங்கிளாஸ் முடியறதுக்குள்ள அவன் பேர் வருகைப் பதிவேட்டுல மட்டும்தான் இருந்தது.

சரி, வார்த்தைக்கு வருவோம்.

பன்னாடையை நேர்ல பாத்திராத மக்கள் இப்ப நிறைய பேர் இருப்பீங்க. தென்னை மரத்துல மட்டை எங்க மரத்தோட சேருதோ, அந்த அடியில பழுப்பு நிறத்துல சாக்குத்துணி மாதிரி ஒண்ணு சுத்தியிருக்கும். அதான். பனையிலயும் உண்டு. தெற்கே சில்லாட்டைன்னு சொல்வாங்க. கையில எடுத்துப் பாத்தா யாரோ தறியில நெஞ்ச மாதிரியே இருக்கும். ஒரு வரிசை நார் இப்படி, அதுக்குக் குறுக்கே இன்னொரு வரிசை அப்படி. நடுவுல பொடிப்பொடியா ஓட்டை. யாரும் நெய்யல, முடிச்சும் போடல.

அது எப்படி வருதுன்னு தெரிஞ்சப்ப எனக்கு ஆச்சரியமாப் போச்சு. மட்டையோட அடிப்பாகம் இளசா இருக்கும்போது குருத்தைச் சுத்தி முழுசா மூடின குழாய் மாதிரி இருக்கு. உள்ள இருக்கற இளசு வளர வளர, வெளிக் குழாய் விரிஞ்சு குடுக்கணும். அப்ப நாருக்கு நடுவுல இருக்கற மெத்துனு இருக்கற சதை கிழிஞ்சு, காஞ்சு உதிர்ந்துடுது. நார் மட்டும் வலையா நிக்குது. அதாவது, உள்ள இருக்கற குருத்து வளரணும்னு தான் கிழிஞ்சு கொடுத்ததோட மிச்சம்தான் பன்னாடை. அந்த ஓட்டை எல்லாம் அதனால வந்ததுதான்.

இன்னொரு வேடிக்கை. இலை நரம்பு ரெண்டு வகைன்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்போம். அரசு, பூவரசு, செம்பருத்தி இதெல்லாம் வலைப்பின்னல் நரம்பு. புல், வாழை, தென்னை எல்லாம் இணைப்போக்கு நரம்பு. ஓலையைப் பாத்தா கோடு போட்ட நோட்டு மாதிரி நேர்நேரா போகும், வலையே கிடையாது. ஆனா அதே தென்னை, மட்டையோட அடியில இப்படி ஒரு வலையை வச்சிருக்கு. பரீட்சையில கேக்க மாட்டாங்கங்கறதால நாம யாரும் குனிஞ்சு பாக்கல.

இதை வச்சுத்தான் அந்தக் காலத்துல நெய், தேன், கள், பதநீர் எல்லாம் வடிகட்டினாங்க. பதநீர்ப் பானையில சுண்ணாம்பு தடவியிருப்பாங்க. எறும்பு, ஈ, தேனீ எல்லாம் உள்ள விழுந்து கிடக்கும். எல்லாத்தையும் பன்னாடை பிடிச்சுக்கும். தமிழ்நாட்டுல 1987ல கள்ளுக்குத் தடை வந்துடுச்சு. புதுச்சேரியில கள்ளுக்கடைக்கு இன்னைக்கும் அனுமதி இருக்கு. இப்ப நைலான் வடிகட்டி வந்தாச்சு. பன்னாடை அடுப்பு பத்த வைக்கத்தான் ஆகுது. பொருள் கையை விட்டுப் போயிடுச்சு, திட்டு மட்டும் வாயில நிக்குது. யோசிச்சா, இதுவே நெய்யரி வேலைதான். நல்லதை விட்டுட்டோம், கசடைப் பிடிச்சுக்கிட்டோம் :)

"பன்னாடை பரதேசி"ன்னு ஜோடியா திட்டுறோமே, அதுல பரதேசிக்கும் இதே கதிதான். வேத்து தேசத்துல இருந்து வந்தவன்னு அர்த்தம். ஊர் ஊரா போற துறவியையும் அப்படித்தான் சொன்னாங்க. நம்ம வாய்க்குள்ள போய் வெளிய வரும்போது திட்டா வருது.

கல்யாணம் முடிஞ்ச சாயங்காலம் கடற்கரைக்குப் போனேன். கனகசெட்டிக்குளம் தெரியாதவங்களுக்கு: புதுச்சேரியில இருந்து ஈ.சி.ஆர். பிடிச்சு வடக்கே வந்தா முதல்ல கோட்டக்குப்பம், அது தமிழ்நாடு. கொஞ்ச தூரம் போனா காலாப்பட்டு, திரும்பவும் புதுச்சேரி. 1985ல ஆரம்பிச்ச பல்கலைக்கழகம் இருக்கே, அந்த காலாப்பட்டு. அதைத் தாண்டினா கனகசெட்டிக்குளம். அதுக்கு மேல மறுபடியும் தமிழ்நாடு. பிரெஞ்சுக்காரன் கையில துண்டு துண்டா இருந்த நிலம், 1954ல கைமாறினப்பவும் துண்டு துண்டாவே வந்துச்சு. மேப்பை விரிச்சா எங்க புதுச்சேரியே ஓட்டை ஓட்டையா, பன்னாடை மாதிரிதான் இருக்கும்.

மீனவர் ஊர் அது. மணல்ல வலையைப் பரப்பி வச்சு, ஒரு பெரியவர் உக்காந்து கிழிஞ்ச எடத்தை சரி பண்ணிக்கிட்டு இருந்தார். நானும் பக்கத்துல உக்காந்தேன். ஒண்ணும் பேசல. அப்பதான் மண்டையில ஒண்ணு ஓடுச்சு.

வலையும் நார், ஓட்டை. பன்னாடையும் நார், ஓட்டை. வலை என்ன பண்ணுது? வேண்டிய மீனைப் பிடிச்சு வச்சுக்கிட்டு வேண்டாத தண்ணியை விடுது. பன்னாடை வேண்டிய நெய்யை விட்டுட்டு வேண்டாத கசடைப் பிடிச்சுக்குது. ரெண்டும் செய்யறது ஒரே வேலை. பெருசைப் பிடி, சிறுசை விடு, அவ்வளவுதான். எது நல்லது எது கெட்டதுன்னு முடிவு பண்றது அதைக் கையில வச்சிருக்கறவன். மீன் பிடிக்கப் போறவன் வலையை மட்டம்னு சொல்ல மாட்டான். நெய் வேணும்ங்கறவன் மட்டும் பன்னாடையை ஏன் மட்டம்கறான்? அது கசடைப் பிடிக்கணும்னுதானே கையில எடுத்தான்?

வலையில இருக்கற ஓட்டைக்குத் தமிழ்ல என்ன பேர் தெரியுமா? கண். வலைக்கண், சல்லடைக்கண்னு சொல்றோம். இங்கிலீஷ்காரன் கண்ணுக்குள்ள இருக்கற படலத்தை ரெடினான்னு சொல்றான். லத்தீன்ல வலைக்கு உள்ள வார்த்தையில இருந்து வந்தது அது. அவன் கண்ணுக்குள்ள வலையைப் பாத்தான். நாம வலைக்குள்ள கண்ணைப் பாத்தோம். ஓட்டையைக் குறையா நெனைக்காம, அதுதான் பாக்குது, அதுதான் பிரிக்குதுன்னு நெனைச்ச மொழி இது. அதே மொழியில ஒரு ஓட்டைத்துணியை முட்டாளுக்கு உவமையா ஆக்கிட்டோம்.

இப்ப என்னோட கட்சியைச் சொல்லிடறேன். பவணந்தி முனிவர் மேல சண்டைக்குப் போற அளவுக்கு நான் பெரிய ஆள் இல்ல. ஆனா அந்த உவமைப் பட்டியலை வரிசையா பாருங்க. முதல்ல நிக்குது அன்னம். கடைசியில நிக்குது பன்னாடை. ரெண்டும் பண்ற வேலை என்ன? பிரிக்கறது. அன்னம் பாலையும் தண்ணியையும் பிரிக்குது. பன்னாடை நெய்யையும் கசடையும் பிரிக்குது. அப்புறம் ஏன் ஒண்ணு தலையில, ஒண்ணு காலடியில?

ஒரே வித்தியாசம்தான். அன்னம் பிரிச்ச பாலைத் தானே குடிச்சுடுது. பன்னாடை பிரிச்ச நெய்யை அடுத்தவன் பாத்திரத்துல விட்டுட்டுக் கசடைத் தான் வச்சுக்குது.

படிக்கற பையனுக்கு அன்னம்தான் சரியான உவமை, ஒத்துக்கறேன். பாடத்துல நல்லதை அவன் எடுத்துக்கணும். ஆனா வகுப்பை விட்டு வெளிய வந்து பாத்தா, நம்மளைச் சுத்தி வீட்டைத் தாங்குறவங்க யாரு? நல்ல துண்டத்தைப் புள்ளைங்க தட்டுல போட்டுட்டு, சட்டி அடியில இருக்கறதைச் சாப்பிடற அம்மா. வெளியில வாங்கின அவமானத்தை வாசல்லயே நிறுத்திட்டு உள்ள வந்து சிரிக்கற அப்பா. என் சேக்காளியோட அப்பாவும் அப்படித்தான். மரத்துல ஏறி இறங்கி நெஞ்செல்லாம் காய்ச்சுப் போன மனுஷன். வடிகட்டின கள்ளு ஊருக்கு, ஊர் பேசின பேச்சு அவருக்கு. இவங்க எல்லாம் அன்னம் இல்லீங்க. சுத்தமான பன்னாடைங்க. என் அகராதியில அது பட்டம்.

இன்னொண்ணும் இருக்கு. அன்னைக்கு ஐயா சொல்லாம விட்டது. அதே நன்னூல்ல, மாணவனுக்கு உவமை சொல்றதுக்கு முன்னாடியே ஆசிரியருக்கும் உவமை சொல்லியிருக்கார் பவணந்தி. நல்லாசிரியருக்கு நிலம், மலை, தராசு, பூ. ஆசிரியர் ஆகக்கூடாதவங்களுக்கும் நாலு சொல்லியிருக்கார். கழற்சிக்காய் போட்ட குடம்: போட்ட வரிசையில வெளிய வராது. பருத்தி அடைச்ச குடுக்கை: கொஞ்சம் கொஞ்சமா அடைச்சது, கொஞ்சம் கொஞ்சமாத்தான் வரும். அடுத்தது மடற்பனை: தானா உதிர்த்தாத்தான் உண்டு, கிட்டப்போய் எடுக்க விடாது. கடைசியா முடத்தெங்கு: தண்ணி ஊத்தி வளத்தவன் ஒருத்தன், வளைஞ்சு போய் இன்னொருத்தன் தோட்டத்துல காய் போடும்.

பாத்தீங்களா? மட்டமான வாத்தியாருக்குப் பவணந்தி சொன்ன நாலுல ரெண்டு, பனையும் தென்னையும். பன்னாடை எங்க முளைக்குது? அதே பனையிலயும் தென்னையிலயும்தான்!

இதை அவர் யோசிச்சு வச்சாரான்னு எல்லாம் நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா ஒரு பையனைப் பாத்துப் பன்னாடைன்னு சொல்றதுக்கு முன்னாடி, அது எந்த மரத்துலருந்து வந்ததுன்னு ஒரு தடவை அண்ணாந்து பாத்துக்கறது நல்லது. வாத்தியார், அப்பா அம்மா, எல்லாருக்கும்தான். எனக்கும்தான். போன வருஷம் கூட எம் பையனை நான் இதே வார்த்தையில திட்டியிருக்கேன். சொல்லித்தந்த விதம் சரியில்லன்னு ஒத்துக்கறதை விட, கேட்டவன் மண்டையில ஓட்டைன்னு சொல்றது சுலபம்.

"அட, எல்லாரும் செல்லமாத்தானே சொல்றோம்"னு கேப்பீங்க. நண்பர்களுக்குள்ள ஒருத்தனை ஒருத்தன் சொல்லிக்கறது வேற. ரெண்டு பேரும் சமமா இருந்து, அவனும் திருப்பி உன்னை ரெண்டு சொல்ல முடிஞ்சா அது செல்லம். எழுந்து நிக்கற பையன் திருப்பிச் சொல்ல முடியாது. அதுதான் என் அளவுகோல். நாங்க அவனைக் கூப்பிட்ட அத்தனை வருஷத்துல அவன் எங்க யாருக்கும் ஒரு பட்டப்பேர் வச்சதில்ல. அப்ப அது எனக்கு உறைக்கவே இல்ல.

கல்யாணத்தன்னைக்கு அவங்கிட்ட பேசணும்னு நெனைச்சேன். "டேய், அன்னைக்கு..."ன்னு ஆரம்பிச்சேன். அவன் "சாப்டியாடா? பாயசம் நல்லா இருக்கு, விட்டுடாத"ன்னுட்டு, பொண்ணைத் தூக்கி வண்டியில உக்கார வச்சுக் கெளம்பிட்டான். அது வேணும்னே பேச்சை மாத்தினதா, நிஜமாவே பாயசத்தைப் பத்திச் சொன்னதா, தெரியல.

ராத்திரி வீட்டுக்கு வந்து போனை எடுத்தேன். அவன் நம்பரை நான் "பன்னாடை"ன்னுதான் போட்டு வச்சிருந்தேன். அழிச்சிட்டுப் பேரைப் போடலாம்னு உக்காந்தா, அவன் முழுப்பேர் ஞாபகத்துக்கு வர அரை நிமிஷம் ஆச்சு. அந்த அரை நிமிஷம் இருக்கே, அதுக்கு ஒம்பதாங்கிளாஸ் ஐயாவை மட்டும் குத்தம் சொல்ல முடியாது.

பி.கு.: உங்க ஊர்ல பன்னாடைக்கு வேற பேர் இருந்தா பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க, சேத்து வைக்கலாம். பொருளுக்கு உள்ள பேர்தான் வேணும். திட்டு நம்மகிட்ட போதுமான அளவு ஸ்டாக் இருக்கு.